அலுவலக நலத்திட்டம்: யார் வருகிறார்கள், யார் வருவதில்லை?

மாணவர்களே, ஜோர்ஜ்டவுனின் நடுவே நிற்கும் கொம்தார் கோபுரம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 1974-இல் கட்டத் தொடங்கி 1986-இல் 65 மாடிகளோடு முடிக்கப்பட்ட இந்தக் கட்டடத்தில் மாநில அரசின் பல அலுவலகங்கள் இயங்குகின்றன. காலையில் மின்தூக்கியில் ஏறும் ஊழியர், நாற்காலியில் அமர்ந்தால் மதிய உணவுக்குத்தான் எழுகிறார். உங்கள் அம்மாவோ அப்பாவோ அரசு ஊழியராக இருக்கலாம். உங்கள் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களே. ஆகவே இது உங்கள் வீட்டையும் பள்ளியையும் தொடும் பாடம்.

2023-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். 54.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். விழித்திருக்கும் நேரத்தில் பாதி வேலையிடத்தில் கழிவதால், நோய்த் தடுப்பையும் அங்கேயே தொடங்கலாம் என்பது சுகாதார அமைச்சின் எண்ணம். ‘கோஸ்பென்’ என்ற சமூக நலத்திட்டம் 2016 முதல் வேலையிடங்களுக்கும் விரிந்தது இப்படித்தான். பின்னர் அது ‘கோஸ்பென் வாவ்’ எனப் பெயர் பெற்றது. உடலியக்கம், நல்லுணவு, புகையில்லாச் சூழல், உடல்நலப் பரிசோதனை, மனநலம் ஆகியவை இதன் கூறுகள்.

திட்டம் எழுதுவது எளிது, நடத்துவதுதான் கடினம். தடைகளை அறிவியல் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேருந்து சொன்ன பாடம்

1949-இல் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் இலண்டனின் இரட்டை மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராயத் தொடங்கினார். ஓட்டுநர் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பார். நடத்துநர் சீட்டுக் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்குவார். ஒரு நாளில் அவர் ஏறும் படிகள் 500 முதல் 750 வரை. நம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படிகள். தைப்பூசத்தன்று நாம் ஏறும் மலையை அந்த நடத்துநர் வேலை நாள்தோறும் ஏறினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1953-இல் முடிவு வெளியானது. நடத்துநர்களிடம் இதயநோய் ஓட்டுநர்களைவிடக் குறைவாக இருந்தது. வந்தாலும் கடுமை குறைவாகவும், பிந்திய வயதிலும் வந்தது.

மோரிஸ் இதோடு நிற்கவில்லை. ஊழியர்களுக்குக் கொடுக்கப்பட்ட சீருடைகளின் இடுப்பளவை எடுத்துப் பார்த்தார். இளவயது ஓட்டுநர்களின் இடுப்பே நடத்துநர்களின் இடுப்பைவிடப் பெரிதாக இருந்தது. அப்படியென்றால் படி ஏறியதால் நடத்துநர் நலமாக இருந்தாரா? அல்லது நலமானவர்கள் நடத்துநர் வேலைக்குப் போனார்களா? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தடை 1: ஏற்கெனவே நலமானவர்களே வருகிறார்கள்

மாலை ஐந்து மணிக்கு ஏரோபிக்ஸ் வகுப்பு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் யார் வருவார்கள்? பெரும்பாலும் உடற்பயிற்சியில் முன்பே ஆர்வம் உள்ளவர்கள். ஆண்டிறுதியில், வகுப்புக்கு வந்தவர்கள் வராதவர்களைவிட நலமாக இருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதினால், அது மோரிஸின் சீருடைக் கேள்வியிலேயே சிக்கிக்கொள்ளும். இதைச் சுயதேர்வு என்பார்கள்.

அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் ஓர் அரசுப் பல்கலைக்கழகம். 2016-இல் அங்கு 4,834 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நலத்திட்டத்தில் சேரும் வாய்ப்புக் கிடைத்தது. மற்றது கட்டுப்பாட்டுக் குழு. திட்டத்தில் சேர்ந்தவர்களைச் சேராதவர்களோடு ஒப்பிட்டபோது பெரிய வேறுபாடு தெரிந்தது. ஆனால் குலுக்கலில் பிரிந்த இரு குழுக்களையும் முழுமையாக ஒப்பிட்டபோது, மருத்துவச் செலவிலும் பழக்கவழக்கங்களிலும் தெளிவான மாற்றம் இல்லை. பரிசோதனை செய்துகொண்டோர் எண்ணிக்கை கூடியது. சேர்ந்தவர்கள் திட்டம் தொடங்கும் முன்பே குறைந்த மருத்துவச் செலவு உள்ளவர்களாக இருந்தார்கள்!

அதனால் நலத்திட்டமே வீண் என்று முடிவுகட்டக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் கேட்க வேண்டும் என்பதே பாடம்.

தடை 2: நேரமும் பதவியும்

இலண்டனில் அரசு அலுவலகங்கள் நிறைந்த பகுதி வைட்ஹால். 1967-இல் அங்கு ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களை ஆராயத் தொடங்கினார்கள். உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலையிலிருந்த ஏவலாளர், வாயிற்காவலரின் இறப்பு விகிதம் மூன்று மடங்கு அதிகம் எனத் தெரியவந்தது. புகைத்தல், இரத்த அழுத்தம் போன்றவை இந்த வேறுபாட்டில் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. மைக்கல் மார்மொட் தலைமையில் 1985-இல் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் 10,308 ஆண்களும் பெண்களும் பங்கெடுத்தார்கள். தம் வேலையைத் தாமே திட்டமிடும் உரிமை குறைந்தவர்களுக்கு இதயநோய் அபாயம் கூடுவதை அது காட்டியது.

இதை நம் அலுவலகத்தோடு பொருத்திப் பாருங்கள். அதிகாரி நினைத்தால் பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம். சேவை முகப்பில் இருப்பவரோ, எண் வாங்கிக் காத்திருக்கும் பொதுமக்களை விட்டு எழ முடியாது. ஆக, திட்டம் அதிகம் தேவைப்படுபவருக்கே நேரம் இல்லை. தீர்வு, முகப்பு ஊழியர்களை இரு அணியாகப் பிரித்து மாறி மாறிப் பத்து நிமிட இடைவேளை தருவது. அதை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். துப்புரவாளரும் காவலரும் குத்தகை நிறுவன ஊழியர்களாக இருந்தாலும் அவர்களையும் சேர்க்க வேண்டும்.

தடை 3: ஒரு குவளைத் தேநீர்

60 கிலோகிராம் பொருண்மை உள்ள ஒருவர் 3.5 மீட்டர் உயரமுள்ள ஒரு மாடி ஏறுகிறார்.

வேலை = 60 × 9.8 × 3.5 = 2,058 ஜூல்.

நம் தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் இப்படி வேலையாக மாறுகிறது; மற்றது வெப்பமாகிறது. ஆகவே உடல் செலவிடுவது சுமார் 8,200 ஜூல், அதாவது 2 கிலோகலோரி. தேநீரில் ஊற்றும் 40 கிராம் இனிப்புக் கெட்டிப்பாலில் சுமார் 130 கிலோகலோரி உள்ளது. அதைச் செலவிட 65 மாடி ஏற வேண்டும். முதலில் கட்டி முடித்தபோது இருந்த முழுக் கொம்தார்!

படி ஏறுவதால் இதயமும் தசையும் வலுப்பெறும். அதைக் கலோரியால் மட்டும் அளக்க முடியாது. எனினும் காலையில் பயிற்சி நடத்திவிட்டு, பத்து மணிக் கூட்டத்தில் இனிப்புத் தேநீரும் கறிபாப்பும் பரிமாறினால் ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்துவிடும். கூட்டத்தில் வெந்நீரும் பழமும் வைக்கப் பெரிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. இதற்கு ஒவ்வொருவரின் மனவுறுதியையும் நம்பியிருக்க வேண்டியதும் இல்லை. மேசையில் இருப்பது மாறினால் கூட்டத்துக்கு வரும் அனைவருக்கும் மாறுகிறது.

தடை 4: அச்சம்

‘என் இரத்தச் சர்க்கரை அளவு மேலதிகாரிக்குத் தெரிந்தால் பதவி உயர்வு போய்விடுமோ?’ இந்த அச்சம் உள்ளவர் பரிசோதனை நாளில் விடுப்பு எடுத்துவிடுவார். முடிவு பரிசோதிக்கப்பட்டவருக்கும் மருத்துவப் பணியாளருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். அலுவலகத்துக்குத் தொகுப்புக் கணக்கு போதும். அதிலும் நான்கைந்து பேரே உள்ள பிரிவின் கணக்கைத் தனியாக வெளியிட்டால் ஆள் யாரென்று ஊகித்துவிடலாம்.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியும் ஓர் அரசு வேலையிடம். தலைமையாசிரியரின் அனுமதியோடு, இரண்டு கட்டடங்கள் உள்ள பள்ளியில் இதைச் செய்யலாம். முதல் வாரம், இரண்டு கட்டடங்களிலும் ஓய்வு நேரத்தில் படியேறுவோரை எண்ணுங்கள். பெயர் எழுத வேண்டாம். பிறகு காசு சுண்டி ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்து, அதன் படிக்கட்டில் ‘ஒரு மாடி = 2 கிலோகலோரி’ என்று ஒட்டுங்கள். மேலும் மூன்று வாரம் எண்ணுங்கள்.

1. இந்த ஆய்வின் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எவை?
2. கட்டடத்தை நீங்களே விரும்பித் தேர்ந்தெடுக்காமல் காசு சுண்டுவது ஏன்?
3. முதல் வாரம் கூடிய எண்ணிக்கை மூன்றாம் வாரம் குறைந்தால், அதற்கு என்ன காரணங்கள் இருக்கலாம்?
4. முழங்கால் வலியால் படியேற முடியாத ஆசிரியருக்கு உங்கள் திட்டத்தில் என்ன இருக்கிறது?

நான்காம் கேள்விக்கு விடை எழுதும் முன், அப்படிப்பட்ட ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள்.