பேர் மாறிய வரி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. போனில் சொன்னால் "சரி மாமா, சரி மாமா" என்று வைத்துவிடுகிறாய். பின்னால் கீபோர்டு சத்தம் நிற்பதே இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிடும்போது படி. சாப்பிடுகிறாய் அல்லவா? அம்மா கேட்டால் "ஆச்சு" என்கிறாயாம். எது ஆச்சு, எப்போது ஆச்சு என்று அவள் என்னைப் பிடித்துக் கேட்கிறாள். எனக்கு என்ன தெரியும்?

நீ அனுப்பிய லாக் ஃபைலைப் பார்த்தேன். நடுராத்திரியில் எழுப்பிவிட்டு இதைக் கையில் கொடுத்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்! அந்த நாலு வரி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. "பேமெண்ட் ஆரம்பம்." அடுத்ததும் "பேமெண்ட் ஆரம்பம்." அதன் கீழே "கேட்வே டைம்அவுட்." அதற்கும் கீழே "பேமெண்ட் முடிந்தது." இரண்டு பேர் பணம் கட்ட வந்திருக்கிறார்கள், ஒருவருக்குப் போயிருக்கிறது, ஒருவருக்குப் போகவில்லை. யாருக்குப் போகவில்லை? நேரத்தைப் பார்த்தால் நாலும் ஒரே நொடிக்குள். த்ரெட் பெயரைப் பார்த்தால் நாலிலும் மெயின் த்ரெட். நீ விடிய விடிய உட்கார்ந்து, தொகையையும் பேங்க் ஸ்டேட்மெண்டையும் ஒப்பிட்டுக் கண்டுபிடித்தாயாம். நாளைக்கு இரண்டு பேரும் ஒரே தொகை கட்டினால் என்ன செய்வாய்?

ஏசிங்க்ஐஓ என்று வந்துவிட்டாலே இந்தத் தலைவலி உண்டு. பழைய சர்வர்களில் ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு த்ரெட். த்ரெட் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் ஒருவர் கதை முழுக்கக் கிடைத்துவிடும். உங்கள் சர்வரில் ஒரே த்ரெட்டில்தான் அத்தனை பேரும் ஓடுகிறார்கள். ஒருவர் 'அவெய்ட்' வந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்ள, ஈவென்ட் லூப் அடுத்தவரை எடுத்து ஓட்டுகிறது. பைத்தான் 3.4-இல், 2014-இல் ஏசிங்க்ஐஓ வந்தபோது இந்த லாக் சங்கதிக்கு அதில் ஒரு வழியும் இல்லை. 2018-இல் 3.7 வந்தபோதுதான் கான்டெக்ஸ்ட்வார்ஸ் வந்தது. இடைப்பட்ட காலத்தில் ஆளாளுக்கு ஒரு கைவைத்தியம் செய்துகொண்டிருந்தோம்.

உங்கள் லீட் சொல்வதும் அந்தக் கைவைத்தியம்தான். ஒரு குளோபல் வேரியபிள், ரிக்வெஸ்ட் வந்ததும் அதில் ஐடி-யைப் போடு, லாக் எழுதும்போது எடுத்து ஒட்டு, ரிலீஸ் முடியட்டும், ஒழுங்காகச் செய்வதை அப்புறம் பார்க்கலாம். இதுவா, இப்போதே கான்டெக்ஸ்ட்வாரா என்று என்னைக் கேட்டாய். முடிவு உன்னுடையது, மாப்ளே. உன் ஆபீஸ், உன் கோடு, நான் ரிட்டயரான ஆள். இரண்டையும் சொல்கிறேன், நீயே சீர்தூக்கிப் பார்த்துக்கொள்.

குளோபலில் நல்லது, பத்து நிமிஷ வேலை. கெட்டது, அது பொய் சொல்லும். முதல் ஆள் வந்தார், அவர் ஐடி ஏறியது, கேட்வே பதிலுக்காக ஒதுங்கினார். இரண்டாவது ஆள் வந்தார், அவர் ஐடி ஏறியது. முதல் ஆளுக்கு டைம்அவுட் வந்து திரும்பி வந்து எழுதினால், அந்த வரியில் இரண்டாவது ஆளின் ஐடி! த்ரெட் லோக்கலில் போட்டாலும் இதே கதைதான், இருப்பதே ஒரு த்ரெட். இன்றைக்கு உன் லாக்கில் பெயர் இல்லை. குளோபல் வந்தால் பெயர் இருக்கும், ஆனால் அது வேறு யாருடையதாகவாவது இருக்கும்.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிடும், பொறுத்துக்கொள். அம்மாவுக்கு அந்த பைனான்ஸ் கம்பெனியில் நடந்தது உனக்குத் தெரியும். தாத்தா என்ன சொன்னார், உன் அப்பா யார் வீட்டுப் படியேறினார் என்பதெல்லாம் மறுபடி வேண்டாம். ஆனால் அது எப்படி நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு ரசீதை அவள்தான் ரத்து செய்தாள் என்றார்கள். அந்த ரசீதுக்கான லாக் வரியில் அவளுடைய யூசர் ஐடி இருந்தது. அவர்கள் கையில் இருந்த சாட்சி அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவள் கவுண்டரிலேயே இல்லை என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். "கம்ப்யூட்டர் சொல்லுதே" என்றார் மேனேஜர். அதற்கு மேல் பேச்சில்லை.

அது ஜாவா சர்வர். லாக்ஃபோர்ஜே-யில் எம்டிசி என்று ஒன்று உண்டு. த்ரெட்டோடு ஒரு பையைக் கட்டிவிட்டு, அதில் யூசர் பெயரைப் போட்டு வைத்தால் ஒவ்வொரு வரியிலும் தானாக ஏறிக்கொள்ளும். நீல் ஹாரிசன் என்பவர் 1997-இல் வந்த ஒரு தொகுப்பில் எழுதிய யோசனையிலிருந்து வளர்ந்தது, நல்ல யோசனை. ஆனால் த்ரெட்டுகள் பூலில் இருப்பவை. ஒரு ரிக்வெஸ்ட் முடிந்ததும் அதே த்ரெட் அடுத்த வேலைக்குப் போகும், பையைக் காலி பண்ணாவிட்டால் பழைய பெயரோடேயே போகும். அடுத்து வருபவர் லாகின் செய்தவர் என்றால் பழைய பெயரின் மேல் அவர் பெயர் ஏறிவிடும், தவறு யாருக்கும் தெரியாது. அந்த ரசீதை ரத்து செய்தது மனுஷரே இல்லை, சிஸ்டம் தானாக ஓட்டிய ரத்து. அதற்கு யூசர் கிடையாது. அந்த த்ரெட்டில் கடைசியாக வேலை பார்த்தவள் உன் அம்மா. ஃபைனலி பிளாக்கில் 'ரிமூவ்' என்று ஒரு வரி போட அந்த ஆபீசில் யாருக்கும் நேரமில்லை. அவள் ரிசைன் பண்ணிய பிறகு, அங்கே வேலை பார்த்த பையன் ஒருவன் வந்து சொல்லித்தான் இதுவே எனக்குத் தெரியும். மன்னிப்பு என்று ஒரு காகிதம்கூட வரவில்லை.

அதனால்தான் சொல்கிறேன். பெயர் இல்லாத வரியைப் பார்த்தால் தெரியவில்லை என்பதாவது தெரியும், தேடுவாய். பெயர் மாறிய வரியை யாரும் தேட மாட்டார்கள், நம்பிவிடுவார்கள். துணி வெளுப்பவர் சேங்கொட்டை மையில் வீட்டுக்கு வீடு குறி போடுவார், ஞாபகமிருக்கிறதா? குறி இல்லாத வேட்டி அவர் வீட்டிலேயே கிடக்கும், குறி மாறிய வேட்டி பக்கத்துத் தெருக்காரர் இடுப்பில் கிடக்கும்.

சரி, கான்டெக்ஸ்ட்வார். நீ டாகுமெண்டேஷன் படித்திருப்பாய், அதனால் அடிப்படையைச் சொல்லவில்லை. ஒவ்வொரு டாஸ்க்கும் பிறக்கும் நொடியில் அப்போதிருக்கும் கான்டெக்ஸ்டின் நகல் ஒன்றை எடுத்துக்கொள்கிறது. ஒதுங்கினாலும் திரும்பினாலும் அந்த நகல் கூடவே வரும். மிடில்வேரில் செட் பண்ணு, வருகிற டோக்கனைப் பத்திரமாக வைத்திருந்து ஃபைனலியில் ரீசெட் பண்ணு. டீஃபால்ட்டுக்கு வெறும் கோடு ஒன்று போதும், "-" என்று. தெரியாததைத் தெரியாது என்றே எழுதட்டும்.

ஆனால் இதிலும் பெயர் மாறும், மாப்ளே. உங்கள் டேட்டாபேஸ் பூல் முதல் ரிக்வெஸ்ட் வரும்போதுதான் திறக்கிறது என்று சொன்னாய் அல்லவா? அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பூல் திறந்ததும், கனெக்ஷன்களை உயிரோடு வைத்திருக்கப் பின்னணியில் ஒரு டாஸ்க்கைக் கிளப்புகிறது. அது பிறந்தது முதல் ரிக்வெஸ்டின் வயிற்றில். நகலில் இருப்பது காலையில் முதலில் வந்தவரின் ஐடி. அவர் பணத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அந்த டாஸ்க்கோ சர்வரை நிறுத்தும்வரை ஓடும். சாயங்காலம் நாலு மணிக்குக் கனெக்ஷன் அறுந்தாலும், ராத்திரி மறுபடி ஒட்டினாலும் எல்லா வரியும் அந்தக் காலை ஆளின் பெயரில்! அவர் ஒருவருக்கு மட்டும் ஏன் இத்தனை பிரச்சினை என்று நீ அவருடைய அக்கவுண்டைக் கிளறிக்கொண்டிருப்பாய். பூலை ஸ்டார்ட்அப்பிலேயே, யாரும் வருவதற்கு முன்பே திற. முடியாவிட்டால், 3.11-இலிருந்து க்ரியேட் டாஸ்கில் கான்டெக்ஸ்ட் என்று ஒரு ஆர்க்யுமெண்ட் இருக்கிறது, வெறுமையான கான்டெக்ஸ்ட் ஒன்றைக் கொடு. பின்னணி டாஸ்க் எங்கெல்லாம் பிறக்கிறது என்று கோடு முழுக்க ஒருமுறை தேடிப் பார். இதை நீயே பார், இன்டர்ன் பையனிடம் விடாதே.

கான்டெக்ஸ்ட்வாரில் ஒரு டிக்ஷனரியைப் போட்டு, அதை இருந்த இடத்திலேயே மாற்றுவதும் இதே வகைதான். நகல் என்றால் டிக்ஷனரிக்கு நகல் இல்லை, அதைக் காட்டும் கைக்குத்தான் நகல். கேதர் போட்டு மூன்று டாஸ்க்கை ஒன்றாக விட்டால், மூன்றும் ஒரே டிக்ஷனரியில் எழுதிக்கொள்ளும். மாற்ற வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்து செட் பண்ணு.

க்யூவிலிருந்து எடுத்து வேலை செய்யும் ஒர்க்கருக்கு ரிக்வெஸ்டின் ஐடி தெரியாது. க்யூவில் போடும் பொருளோடு ஐடி-யையும் போட்டு அனுப்பு. ரன் இன் எக்ஸிக்யூட்டரில் கான்டெக்ஸ்ட் கூட வராது, 3.9-இல் வந்த டு த்ரெட் என்றால் வரும். இதெல்லாம் பெயர் இல்லாமல் போகும் ரகம், எனக்கு இவற்றின் மேல் அவ்வளவு கோபமில்லை.

ஐடி-யை வரியில் ஏற்றும் ஃபில்டரை லாகரில் மாட்டாதே, ஹேண்ட்லரில் மாட்டு. லாகரில் மாட்டினால் அதன் பிள்ளை லாகர்களிலிருந்து மேலேறி வரும் வரிகளுக்கு அது ஓடாது. நீங்கள் க்யூ ஹேண்ட்லர் வைத்திருக்கிறீர்கள், அப்படியென்றால் அந்த முனையிலேயே மாட்டவேண்டும். மறுமுனையில் லிசனர் வேறு த்ரெட்டில் ஓடுகிறது, அங்கே கான்டெக்ஸ்ட் காலி.

கோ மொழிக்காரர்கள் இந்தத் தொல்லையே வேண்டாமென்று கான்டெக்ஸ்டை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முதல் ஆர்க்யுமெண்டாகக் கையில் கொடுக்கிறார்கள். 2016-இல் 1.7 வந்ததிலிருந்து அது அவர்கள் ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலேயே இருக்கிறது. எனக்குப் பிடித்த வழி அது. பார்க்க அசிங்கமாக இருந்தாலும் யார் பெயரில் வேலை நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். உங்களிடம் இருக்கும் கோட்டில் இனி அதைச் செய்ய முடியாது, லைப்ரரிகள் ஒத்துழைக்காது. ஆசைக்குச் சொன்னேன். ஒரு சர்விஸிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மட்டும் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்காதே, டிரேஸ்பேரண்ட் ஹெடர் இருக்கிறது, 2020-இல் டபிள்யூ3சி ஒப்புக்கொண்டது. 32 ஹெக்ஸ் எழுத்து டிரேஸ் ஐடி, அதையே லாக்கிலும் போடு.

கடைசியாக ஒரு டெஸ்ட். இரண்டு ரிக்வெஸ்டை ஒரே நேரத்தில் விடு, முதலாவது நடுவில் நீளமாகத் தூங்கட்டும், இரண்டாவது கொஞ்சமாகத் தூங்கட்டும். ஒவ்வொரு வரியிலும் சரியான ஐடி இருக்கிறதா என்று பார்க்கட்டும் அந்த டெஸ்ட். உங்கள் லீடிடம் வாதாடாதே. குளோபலை வைத்துக்கொண்டு இந்த டெஸ்டை அவர் எதிரில் ஓட்டு, போதும். அதற்குப் பிறகும் ரிலீஸ்தான் முக்கியம் என்றால், ஐடி எதுவும் இல்லாமலே ரிலீஸ் பண்ணுங்கள். நான் நிஜமாகத்தான் சொல்கிறேன். முடிவு உன்னுடையது என்று முன்பே சொல்லிவிட்டேன், அதில் மாற்றமில்லை.

ரொம்ப எழுதிவிட்டேன் போலிருக்கிறது. கோபமாக எழுதினேன் என்று நினைக்காதே, உன் மேல் எனக்கு என்ன கோபம்? நீ கெட்டிக்காரன். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு மறுபடி பூட்டியவன், அன்றைக்கே உன் அப்பாவிடம் சொன்னேன், இவன் எங்கோ போகப் போகிறான் என்று. இந்த லாக் சமாச்சாரமெல்லாம் செய்யாமல் விட்டாலும் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வேலையை விட்டாலும் பரவாயில்லை, நாங்கள் இருக்கிறோம். விட்டுவிடாதே, ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி இங்கே வா. உன் அத்தை கம்பு இடித்து வைத்திருக்கிறாள், நாட்டுக்கோழிக்கும் சொல்லியாகிவிட்டது. வந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கு. லேப்டாப்பைக் கொண்டுவராதே. கொண்டுவந்தால் அந்த பூல் கோடை ஒருமுறை எனக்குக் காட்டு.

அம்மாவுக்கு இன்றைக்கே போன் பண்ணு.

என்றும் அன்புடன்,
மாமா