பரத்வாஜர் விமானம் எந்த ஆண்டு மாடல்?

கேள்வி: விமானத்தை முதலில் கண்டுபிடித்தவர் பரத்வாஜ முனிவர், அவர் எழுதிய நூலை அச்சிட்டது எங்கள் மைசூரு என்று உறவினர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், ராமாபுரம், மைசூரு

பதில்: பின்பாதி உண்மை. 'வைமானிக சாஸ்திர'த்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1973இல் மைசூருவில் வெளியிட்டவர் ஜி.ஆர். ஜோஸ்யர். ஆனால் முனிவர் காலத்து ஏட்டுச்சுவடி எதுவும் கையில் கிடையாது. ஓசூர்ப் பக்கம் பிறந்து ஆனேக்கலில் வாழ்ந்த சுப்பராய சாஸ்திரி, 1918 முதல் 1923 வரை வாயால் சொல்லச் சொல்ல, வெங்கடாசல சர்மா எழுதிக்கொண்டார். பரத்வாஜர் அருளியதைத்தான் சொல்கிறேன் என்பது சாஸ்திரியின் கட்சி. படம் போட்டவர் பெங்களூருவில் பொறியியல் கல்லூரி ஒன்றின் வரைவாளர் எல்லப்பா.

1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த எச்.எஸ். முகுந்தா உள்ளிட்ட ஐவர் இந்த நூலை வரிவரியாகப் படித்தார்கள். சமஸ்கிருத நடையில் வேதகால வாடையே இல்லை. சுலோகங்கள் பிற்கால எளிய நடை. படங்களிலோ நவீன இயந்திரங்களின் சாயல். நூல் உருவானது 1900க்கும் 1922க்கும் இடையில் என்று கணித்தார்கள். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903இல் என்பதைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்! சகுனம், சுந்தரம், ருக்மம், திரிபுரம் என நான்கு விமானங்கள் அதில் உண்டு. அடுக்கடுக்காகக் கூம்பி நிற்கும் ருக்மத்தைப் பார்த்தால் கோயில் விமானம்தான் நினைவுக்கு வரும். நான்கில் எதுவும் தரையை விட்டு எழும்பாது என்பது ஐவரின் முடிவு. அப்படியும் கதை அடங்கவில்லை. 2015இல் மும்பை இந்திய அறிவியல் மாநாட்டு மேடை வரை ஏறியது.

சாஸ்திரியை மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நல்ல கற்பனைக்காரர், கதையென்று வெளியிட்டிருந்தால் கொண்டாடியிருப்போம்.

உங்கள் ஊர்ப் பக்கம் நிஜமாகவே வானில் பறந்த பொருள் ஒன்று உண்டு, உறவினரிடம் சொல்லுங்கள். ஹைதர் அலி, திப்பு படைகளின் இரும்புக்குழாய் ராக்கெட். 1780இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூர்ப் போரில் கும்பினிப் படையை அது கலங்கடித்தது. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போன மாதிரிகளை வைத்துத்தான் வில்லியம் காங்கிரீவ் தம் ராக்கெட்டைச் செய்தார். மைசூரு ராக்கெட்டுக்குச் சாட்சி சொல்லச் சுவடியும் வேண்டாம், சுலோகமும் வேண்டாம்: 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகரா என்ற ஊரில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டியபோது சுமார் 1,000 ராக்கெட்டுகள் கிடைத்தன.