மீன் தொட்டிக்கு மணற்படுகை: தேர்வும் பராமரிப்பும்

கொல்கத்தா நகரின் தென்பகுதியில் அமைந்துள்ள டாக்குரியா, களிமண் நிலத்தின்மீது எழுந்த பகுதியாகும். கங்கையின் கழிமுகம் நெடுங்காலமாகப் படியவைத்த களியும் வண்டலுமே இங்கு நிலத்தின் மேலடுக்கு. மணற்படிவம் அதற்கு வெகு கீழே, ஆழ்குழாய்க் கிணறு இறக்குவோருக்கு மட்டும் எட்டும் ஆழத்தில் கிடக்கிறது. 1920-களில் அந்நாளைய கல்கத்தா நகர மேம்பாட்டு டிரஸ்ட் இங்கிருந்த சதுப்பு நிலத்தை வெட்டி ஏரியாக்கியது. ஏறத்தாழ 73 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள அந்த ஏரிக்கு 1958-ல் ரவீந்திர சரோவர் எனப் பெயரிடப்பட்டது. எனினும் பலருக்கு அது இன்றும் டாக்குரியா ஏரியே. மழைநீர் தேங்கும் ஏரி அது. மணல் கொண்டுவந்து சேர்க்க அதற்கு ஆறு இல்லை.

ஆகவே, இப்பகுதியில் ஒருவர் தம் வீட்டு மீன் தொட்டியின் அடியில் மணல் பரப்ப விரும்பினால், அந்த மணல் தொலைவிலுள்ள ஓர் ஆற்றிலிருந்தே வந்தாக வேண்டும். எந்த மணல், எந்தப் பருமன், எவ்வளவு ஆழம் என்பவை அற்பமான கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் மீன் தொட்டிகளில் நிகழும் இழப்பில் ஒரு கணிசமான பகுதி இக்கேள்விகளை யாரும் கேட்காததால் நேர்வது. நோய் என்றும், நீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொல்லப்படும் பல சாவுகளுக்குக் காரணம் தொட்டியின் அடியிலேயே கிடக்கிறது.

மணலைத் தேடும் மீன்கள்

இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் அலங்கார மீன்களில் பெரும்பங்கு கொல்கத்தா வழியாகவே வெளியேறுகிறது. அவற்றுள் பல, வளர்ப்புப் பண்ணைகளில் பிறந்தவை அல்ல. வடவங்கத்திலும் அஸ்ஸாமிலும் ஆறுகளிலும் ஓடைகளிலும் பிடிக்கப்பட்டவை. உள்ளூர் வாணிபமும் சிறியதன்று. நகரின் வடபகுதியில் கேலிஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் மீனும் தொட்டியும் செடியும் ஒரே இடத்தில் கிடைக்கும். ஹவுரா, தெற்கு 24 பர்கானா முதலிய மாவட்டங்களில் வீட்டுக் கொல்லையிலேயே அலங்கார மீன் வளர்த்துப் பிழைப்போர் பலர்.

இந்த வாணிபத்தில் இடம்பெறும் நாட்டு மீன்களை முதன்முதலில் முறையாக விவரித்தவர்களுள் முக்கியமானவர் பிரான்சிஸ் புக்கானன் ஹாமில்டன். 1800-1801-ல் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கோயம்புத்தூர், மலபார் பகுதிகளைச் சுற்றி ஆய்ந்தவரும் இவரே. கங்கையாற்று மீன்களைப் பற்றிய அவருடைய நூல் 1822-ல் வெளிவந்தது. மக்கள் வழங்கிய பெயர்களையே அவர் பல மீன்களுக்கு அறிவியற்பெயராகச் சூட்டினார். போத்தியா டாரியோ என்று இன்று வழங்கும் வரிமீனும், லெபிடோசெபாலிக்திஸ் குண்டியா என்னும் மணல் மீனும், மாக்ரோக்னாதஸ் பங்காலஸ் என்னும் ஆரல் இனமும் அந்நூலில் விவரிக்கப்பட்டவை. பின்னதை வங்காளிகள் பாங்கால் என்பர். சேற்றில் வாழ்ந்தும் மேனியில் சேறு ஒட்டாத மீன் என்று இராமகிருஷ்ண பரமஹம்சர் இல்லறத்தாருக்கு உவமை காட்டியது இம்மீனையே.

இம்மூன்றும் அடிமட்டத்தில் வாழ்பவை. குண்டியா, ஆபத்தை உணர்ந்த கணத்தில் மணலுக்குள் பாய்ந்து மறைந்துவிடும். ஆரல், மூக்கு மட்டும் தெரிய உடலைப் புதைத்துக் கிடக்கும். தமிழ்நாட்டு வாசகருக்கு இதற்கு வேறு சான்று தேவையில்லை. அயிரையை அறிந்தால் போதும். குண்டியாவின் நெருங்கிய உறவினமான அயிரை, மணலை வாயில் அள்ளிச் சலித்து, உண்ணத்தக்கதை வைத்துக்கொண்டு எஞ்சியதைச் செவுள் வழியே வெளியேற்றும். மதுரைப் பக்கத்தில் குழம்பு வைக்குமுன் அயிரையை உயிருடன் பாலிலோ அரிசி கழுவிய நீரிலோ விட்டு மண்ணைக் கக்கச் செய்வது வழக்கம். சமையலறையில் குறையாகத் தெரியும் அந்த மணல், மீனுக்கு வாழ்க்கை முறை.

இத்தகைய மீனை, சாயம் ஏற்றிய கூர்ங்கற்கள் பரப்பிய தொட்டியில் விட்டால் நேர்வது என்ன? புதைய முடியாத மீன் ஓயாத அச்சத்தில் இருக்கிறது. கற்களின் விளிம்பில் அதன் மீசைகள் தேய்ந்து புண்ணாகின்றன. மீசையே அதற்கு இரை தேடும் உறுப்பு. உணவுத்துகளோ கற்களின் இடுக்கில் விழுந்து, எட்டாமல் அழுகுகிறது. சில வாரங்களில் மீன் மெலிந்து இறக்கிறது. வாங்கியவர் இன்னொரு மீனை வாங்குகிறார். ஆற்றிலிருந்து பிடிக்கப்படும் இனங்களைப் பொறுத்தவரை இது தனியொருவரின் இழப்பு மட்டுமன்று. ஒவ்வொரு மாற்று மீனும் ஓர் ஓடையிலிருந்தே வர வேண்டியுள்ளது.

எல்லாத் தொட்டிக்கும் மணல் தேவை என்பதும் சரியன்று. குஞ்சு வளர்ப்புத் தொட்டி, நோயுற்ற மீனைத் தனிமைப்படுத்தும் தொட்டி ஆகியவற்றில் அடிப்பரப்பு வெறுமையாக இருப்பதே நல்லது. கழிவை உடனுக்குடன் அகற்றலாம். கொல்லைப் பண்ணைகளில் சிமெண்டுத் தொட்டி வெறுமையாகவே இருப்பது இக்காரணத்தால்தான்.

எந்த மணல்?

கொல்கத்தாவின் கட்டடப் பொருள் கடைகளில் பொதுவாக இருவகை மணல் உண்டு. கங்கைப் படுகையிலிருந்து வரும் வெண்மையான நுண்மணலைச் சாதா பாலி என்பர். தாமோதர் முதலிய மேற்கத்திய ஆறுகளிலிருந்து வரும் செம்மஞ்சள் நிறப் பருமணல் மோட்டா பாலி எனப்படும். முன்னது இமயத்திலிருந்து நெடுந்தொலைவு உருண்டு தேய்ந்தது, மிக நுண்ணியது, காக்காய்ப்பொன் துகள்கள் அதில் மிகுதி. சிறிது அசைத்தாலும் இத்துகள்கள் நீரில் மிதந்து மினுமினுக்கும். பின்னது சோட்டா நாகபுரிப் பீடபூமியின் பாறைகளிலிருந்து பிறந்தது; பெரும்பாலும் படிகக்கல் மணிகள். சலித்துக் கழுவினால் தொட்டிக்கு ஏற்றது இதுவே. இன்று ஆற்றுமணலுக்கு மாற்றாகக் கட்டடங்களில் பயன்படும் எம்-சாண்ட், பாறையை நொறுக்கிச் செய்வது. அதன் மணிகள் கூர்மையானவை. கட்டடத்துக்குச் சிறந்த அக்கூர்மை அயிரைக்கும் ஆரலுக்கும் தீங்கு.

பருமனைப் பொறுத்தவரை அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை உள்ள மணிகள் பொருத்தமானவை. வீட்டில் இதற்கு எளிய வழி உண்டு. மாவுச் சல்லடையில் கீழே விழும் நுண்துகளையும், அதனினும் பெரிய கண் உள்ள ரவைச் சல்லடையில் மேலே தங்கும் பருக்கைகளையும் நீக்கினால், இடையில் கிடைப்பது ஏறத்தாழ இப்பருமன்தான்.

அடுத்து வேதியியற் சோதனை. ஒரு பிடி மணலில் வினிகரையோ நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ விட வேண்டும். நுரைத்தால் சுண்ணாம்புப் பொருள், அதாவது கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ, கலந்துள்ளது என்று பொருள். கடல்மணல் பெரும்பாலும் இவ்வாறு நுரைக்கும், உப்பும் சேர்ந்திருக்கும். அது நன்னீர்த் தொட்டிக்கு ஆகாது. சுண்ணாம்பு சிறிது சிறிதாகக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் உயர்த்தும். இதன் விளைவு மீனின் கழிவான அம்மோனியாவில் வெளிப்படும். நீரில் உள்ள அம்மோனியா முழுவதும் நஞ்சு அன்று. அதில் ஒரு பகுதியே மீனின் செவுளைத் தாக்கும் நச்சு வடிவில் இருக்கும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கையில் அப்பகுதி ஏறத்தாழ 0.6 சதவீதம், பி.எச். 8 ஆகும்போது 5 சதவீதத்துக்கும் மேல். கழிவின் அளவு சிறிதும் கூடாமலே நஞ்சு ஒன்பது மடங்காகிறது. மணலைத் தவறாகத் தேர்ந்தவர் இதைக் கண்ணால் காண முடியாது.

காந்தம் ஒன்றை மணலில் ஓட்டிப் பார்ப்பதும் நலம். ஒட்டிவரும் கரிய இரும்புத்துகள்கள் பம்பின் காந்தச் சுழலியைத் தேய்த்துவிடும்.

அளவும் பரப்பும் முறையும்

60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தொட்டியில் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்ப 7.2 லிட்டர் மணல் வேண்டும். ஒரு லிட்டர் உலர்ந்த மணல் ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். ஆகவே 11 கிலோ போதுமானது. கழுவும்போது குறைவதற்காக ஒரு கிலோ கூடுதலாக வாங்கலாம். ஒரு மூட்டையில் பாதிகூட ஆகாத இந்த அளவுக்காக ஆற்றுக்குச் சென்று அள்ள முனைவது முறையன்று. சிறு கனிமங்களை அள்ளச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை என உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தது. மணல் அள்ளுவதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2016-லும் 2020-லும் வெளியிட்டது. மேற்கு வங்க அரசு 2021-ல் தனி மணற்கொள்கை வகுத்தது. உரிய ரசீது தரும் கடையில் வாங்குவதே குடிமகன் செய்யத்தக்கது. ஒருமுறை வாங்கிய மணல் தேய்வதில்லை. பல ஆண்டுகள் பயன்படும்.

மணலை வாளியில் இட்டு, நீர் பாய்ச்சிக் கையால் கிளறி, கலங்கல் நீரை வடிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு முறை செய்த பின்னரே நீர் தெளியும். ஐயம் இருப்பின் ஒரு கண்ணாடிப் புட்டியில் சிறிது மணலும் நீரும் இட்டுக் குலுக்கி வைக்கலாம். மணல் நொடிகளில் கீழிறங்கும். வண்டல் மெதுவாகப் படியும். களி மறுநாள்வரை நீரைக் கலக்கியே வைத்திருக்கும். மண்ணியல் பயிலும் மாணவருக்கும் இது நல்ல சோதனை. தொட்டியில் பரப்பிய பின், மணல்மீது ஒரு தட்டை வைத்து அதன்மேல் நீரை மெல்ல ஊற்றினால் பரப்பு குலையாது.

படுகைக்குள் நிகழ்வது

மணற்படுகை ஒரு சுத்திகரிப்பு நிலையம் எனலாம். மணிகளின் மேற்பரப்பில் ஒட்டி வாழும் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அத்துணை தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் நிறைய மீன் விடுவது கொலைக்கு ஒப்பாகும். ஒரே கனஅளவில் 5 மில்லிமீட்டர் கற்களைக் காட்டிலும் அரை மில்லிமீட்டர் மணிகளுக்கு மேற்பரப்பு பத்து மடங்கு. ஆனால் இந்த ஆதாயம் முழுவதும் கிட்டுவதில்லை. நுண்மணலின் இடுக்குகளில் நீர் எளிதில் ஓடாது. ஆகவே பிராணவாயு மேலடுக்கைத் தாண்டி இறங்குவதில்லை. பல ஆண்டுகள் வழக்கில் இருந்த அடித்தட்டு வடிகட்டி, பருக்கைக் கற்களுக்கு உரியது. மணலில் அதன் துளைகள் அடைபட்டுவிடும். மணல் தொட்டிக்கு வெளியிலோ பக்கவாட்டிலோ பொருத்தும் வடிகட்டியே ஏற்றது. அதன் உறிஞ்சு வாய் படுகையிலிருந்து நான்கு விரற்கடையேனும் உயரத்தில் இருக்க வேண்டும்.

பிராணவாயு இல்லாத ஆழத்தில் அழுகல் நிகழும்போது மணல் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு தோன்றும். சேற்று ஏரிகளின் அடியில் நிகழ்வதும் இதுவே. ரவீந்திர சரோவரில் மீன்கள் இறந்து மிதந்த செய்திகள் பல ஆண்டுகளில் வந்துள்ளன. தேங்கிய நீர்நிலையில் அடியிற் சேரும் கரிமப் பொருள் பிராணவாயுவை எவ்வளவு விரைவில் உண்டுவிடும் என்பதைத் தொட்டியில் அளந்தே பார்க்கலாம். படுகை 3 முதல் 5 சென்டிமீட்டருக்கு மேற்படாதிருந்தால் இவ்வபாயம் குறைவு. வாலிஸ்னீரியா போன்ற வேரூன்றும் செடிகளும், மணலுக்குள் ஊர்ந்து திரியும் திருகுச் சுருள் நத்தைகளும் படுகையை இளக்கி வைக்கின்றன. அயிரையும் குண்டியாவும் இப்பணியைத் தாமே செய்வன.

வாரப் பராமரிப்பு

வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை மாற்றுகையில், உறிஞ்சு குழாயை மணலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்து நகர்த்தினால் கழிவு மட்டும் எழுந்து வரும். குழாயை மணலில் ஆழப் பாய்ச்சுவது பருக்கைக் கல்லுக்குரிய முறை. விரலால் மேலடுக்கை இலேசாகக் கிளறலாம். ஒரு வாரம் ஒரு பாதி, மறுவாரம் மறுபாதி. மாநகராட்சிக் குழாய்நீரில் குளோரின் உண்டு. படுகை மணலை வெளியே எடுத்து அந்நீரில் பளிச்செனக் கழுவுவோர் ஆறு வார உழைப்பை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுகின்றனர். அதன்பின் ஓரிரு நாட்களில் மீன்கள் இறப்பதன் காரணம் அவர்களுக்கு விளங்குவதில்லை. கழுவியே தீர வேண்டுமெனில் தொட்டியிலிருந்து இறைத்த நீரையே பயன்படுத்த வேண்டும்.

2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் அலங்கார மீன் வளர்ப்புக்கும் உதவி உண்டு. இதன்கீழ்ப் பயிற்சி அளிக்கும் அலுவலர்கள் தொட்டி, பம்பு, தீவனம் ஆகியவற்றோடு அடிப்பரப்பையும் பாடத்தில் சேர்ப்பது தகும். அடிமட்ட மீனை விற்கும் வளர்ப்பாளர் ஒரு கிலோ சலித்த மணலையும் உடன் விற்கலாம். செலவு சில ரூபாய், அதில் சிறு இலாபமும் உண்டு.

கொல்கத்தாவில் சித்திரை, வைகாசி மாதங்களில் தனிக் கவனம் தேவை. 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 9.1 மில்லிகிராம் வரை பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் 7.6 மட்டுமே. மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் தேவை கூடும் வேளையில் இருப்பு குறைகிறது. அக்காலத்தில் தீவனத்தைக் குறைத்து, இரண்டு நிமிடங்களில் தின்று தீரும் அளவே இட வேண்டும். மின்சாரம் நின்று வடிகட்டி ஓயுமாயின், ஒரு குவளையால் நீரை முகந்து உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருக்கலாம். அப்போது மணலைக் கிளறுவது கூடாது.