செலினியம் – மருந்தா? நஞ்சா?



என் தம்பி கழுத்தில் தேமல் வந்தது. டாக்டர் ஒரு ஷாம்பு எழுதிக் கொடுத்தார். "தடவி பத்து நிமிஷம் கழிச்சு கழுவணும், வாயில படக்கூடாது" என்றார். பாட்டிலில் 'செலினியம் சல்பைடு 2.5%' என்று இருந்தது. தேமல், பொடுகு உண்டாக்கும் பூஞ்சையை அது அழிக்குமாம். அதிலிருந்துதான் செலினியம் பற்றித் தேடிப் படித்தேன்.

செலினியம் என்றால் என்ன?
இது ஒரு தனிமம். அணு எண் 34. தனிம அட்டவணையில் கந்தகத்துக்குக் கீழே இருக்கும். 1817இல் ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ் கண்டுபிடித்தார். கிரேக்க நிலா தேவதையின் பெயரை வைத்தார்.

உடம்பில் என்ன வேலை?
நம்ம ஊர் உப்புக் காத்துல சைக்கிள் சீக்கிரம் துருப்பிடிக்குது இல்லையா? அதுபோல நம் செல்களையும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை அரிக்கும். குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராக மாற்றிவிடும். அந்த நொதி வேலை செய்ய செலினியம் வேண்டும்.

குறைந்தால்?
சீனாவில் கேஷான் என்ற பகுதி மண்ணில் செலினியம் மிகக் குறைவு. அங்கே குழந்தைகளுக்கும் இளம் பெண்களுக்கும் இதயத் தசை பலவீனமாகி பலர் இறந்தார்கள். 1970களில் செலினியம் மாத்திரை கொடுத்த பிறகு அந்த நோய் மிகவும் குறைந்தது.

கூடினால்?
பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் சில கிராமங்களில் மண்ணிலேயே செலினியம் அதிகம். அங்கே விளைந்த கோதுமையைச் சாப்பிட்டவர்களுக்கு முடி கொட்டியது, நகம் கெட்டது. மாடுகளுக்குக் குளம்பே கழன்றது.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம் போதும். 400க்கு மேல் போகக்கூடாது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம்!

புதிய மருந்துகள்
பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஜி. முகேஷ் குழுவினர், மேலே சொன்ன நொதி போலவே வேலை செய்யும் செலினியம் சேர்மங்களை உருவாக்கி ஆராய்கிறார்கள். 2012இல் அவருக்கு பட்நாகர் விருது கிடைத்தது. எப்செலன் என்ற சேர்மத்தை மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். ஆனா இது வேற, கடையில விக்கிற மாத்திரை வேற.

இதை ஏன் சொல்றேன்னா, எங்க தெரு அத்தை ஒருத்தங்க, மாமாவுக்குப் புற்றுநோய் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 800 ரூபாய்க்கு செலினியம் மாத்திரை வாங்கிட்டாங்க. அமெரிக்காவிலும் கனடாவிலும் 2001 முதல் 35,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் பெரிய சோதனை நடந்தது. தினமும் 200 மைக்ரோகிராம் கொடுத்தும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கவில்லை. 2008இல் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். இதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "டாக்டர்கிட்ட காட்டாம குடுக்க மாட்டேன்டி" என்றார்கள்.

நமக்குத் தேவையான செலினியம் மீன், இறால், முட்டை, கோதுமையிலேயே இருக்கிறது. கவலை மீன் குழம்பு போதும்!

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

– 9ஆம் வகுப்பு மாணவி