ஜப்பானியர் வீட்டு விருந்துக்குப் போகிறீர்களா?

ஒரகடத்தில் 2010-ல் நிசான் கார் ஆலை வந்தது. இப்படி ஜப்பானியக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் மேற்கு மாம்பலத்துக்காரர்களுக்கு மேலதிகாரி வீட்டிலிருந்து சாப்பாட்டுக்கு அழைப்பு வரலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவது நமக்குப் பழகியதுதான். அங்கே அதன் முனை வாசலைப் பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு இருக்கும். மறந்துபோய் அதோடு கூடத்துக்கு வந்துவிடக் கூடாது.

வெறுங்கையோடு போக வேண்டாம். ஆரிய கவுடா சாலையில் வாங்கிய தட்டை போதும், நல்ல பெட்டியில்!

சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். 'மீன் சாப்பிட மாட்டோம்' என்றால் மட்டும் போதாது. துண்டு மீன்கூடக் கண்ணில் படாத மிசோ சூப்பிலும் பெரும்பாலும் கருவாட்டுச் சாறு கலந்திருக்கும். கடற்பாசிச் சாறு என்றால் கவலையில்லை.

சாதத்தில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.