மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கும் காலம் - சுகாதாரப் பாடம்



எமது தோட்டங்களில் "கிட்னி" என்ற சொல் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. "அவனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சாம்" என்று பிரட்டுக்களத்தில் ஒருவர் சொல்வார். "அப்ப இனி முடிஞ்சது" என்று இன்னொருவர் சொல்வார். இந்த இரண்டாவது பேச்சு சரியல்ல. சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகும் மனிதன் வாழலாம், வேலைக்கும் போகலாம். அதற்கு நோயாளி மட்டும் விஷயம் தெரிந்தவராக இருந்தால் போதாது. குடும்பமும் லயத்தில் உள்ள மற்றவர்களும் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே இம்முறை இதையே பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

1. சிறுநீரகம் என்ன வேலை செய்கிறது?

நமது முதுகுப்புறத்தில், விலா எலும்பு முடியும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சிறுநீரகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் நமது கைமுட்டி அளவுதான். உள்ளே சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. தேயிலைத் தூளைச் சல்லடையில் சலிப்பதுபோல, இவை இரவும் பகலும் இரத்தத்தை வடிகட்டிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 180 லீற்றர் அளவு நீர் வடிகட்டப்பட்டு, அதில் பெரும்பகுதி திரும்ப உடம்புக்கே போய், ஒன்றரை லீற்றர் அளவு மட்டும் சிறுநீராக வெளியேறுகிறது.

வேறு வேலைகளும் உண்டு. இரத்த அழுத்தத்தைச் சீராக வைப்பது, இரத்தம் ஊறத் தூண்டுவது, எலும்பைப் பலப்படுத்துவது எல்லாம் இதன் பொறுப்பு. அதனால்தான் சிறுநீரகம் கெட்டவருக்கு பிரஷர் கூடுகிறது, இரத்தம் குறைந்து உடம்பு வெளிறுகிறது, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது.

2. ஏன் கெடுகிறது?

முக்கிய காரணங்கள் இரண்டு: சீனி வியாதி, உயர் இரத்த அழுத்தம். இவை இரண்டும் சத்தமில்லாமல் பல வருஷங்களாக அந்த நுண்ணிய வடிகட்டிகளை அரித்துவிடும். சிறுநீர்ப் பாதையில் கல், சிறுநீரக அழற்சி, எலிக்காய்ச்சல், சில விஷப் பாம்புக்கடிகள் ஆகியவையும் கெடுக்கலாம்.

வடமத்திய மாகாணத்தில் 1990களின் நடுப்பகுதியிலிருந்து விவசாயக் குடும்பங்களிடையே ஒரு வகைச் சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படுகிறது. அதற்கு ஒரே காரணம் இதுதான் என்று விஞ்ஞானிகள் இன்னும் முடிவாகச் சொல்லவில்லை. "அது அனுராதபுரத்து வியாதி, நமக்கு வராது" என்று மலைநாட்டில் இருக்கும் நாம் நினைக்கக்கூடாது. சீனியும் பிரஷரும் உள்ள இடமெல்லாம் சிறுநீரக நோய்க்கு இடம் உண்டு.

எம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று நோ மாத்திரை. மலையில் நாள் முழுக்க நின்று, இடுப்பு வலி, முழங்கால் வலி என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். டைக்ளோபெனக், ஐபுபுரொபன் போன்றவற்றை டொக்டரிடம் கேட்காமல் நாட்கணக்காக எடுத்தால் சிறுநீரகம் கெடும். பச்சிலை என்றால் கெடுதி இல்லை என்பதும் தவறு. ஆடுதின்னாப்பாளை இன மூலிகைகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் ஒரு அமிலம் இருக்கிறது.

3. எப்படித் தெரிந்துகொள்வது?

ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது. வலி இருக்காது. கால் வீங்கி, முகம் ஊதி, வாந்தி வந்து, உடம்பு அரித்து, சிறுநீர் குறையும்போது பெரும்பகுதி போயிருக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனையும், இரத்தத்தில் கிரியற்றினின் என்ற கழிவின் அளவைப் பார்க்கும் பரிசோதனையும் போதும், முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். சீனி, பிரஷர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது இவற்றைச் செய்துகொள்ள வேண்டும். "செய்வினை வச்சிட்டாங்க" என்று கயிறு கட்டிக்கொண்டு மாதங்களைக் கடத்துபவர்கள் கடைசியில் இயந்திரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். சாமி கும்பிடுவதை நாம் தடுக்கவில்லை. கும்பிட்டுவிட்டு கிளினிக்குக்கும் போங்கள்.

4. டயலிசிஸ்

சிறுநீரகம் செய்யும் வேலையில் ஒரு பகுதியை இயந்திரம் செய்வதே டயலிசிஸ், அதாவது இரத்தச் சுத்திகரிப்பு. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணித்தியாலம் படுத்திருக்க வேண்டும். போய்வரும் பஸ் நேரத்தையும் சேர்த்தால் அன்றைய பேர் போய்விடும். கூடப் போகும் ஆளின் பேரும் போய்விடும். நோயைவிட இந்தக் கணக்குத்தான் பல குடும்பங்களை உடைக்கிறது.

டயலிசிஸுக்காக ஒரு கையில் நாடியையும் நாளத்தையும் இணைத்து ஒரு சிறிய ஒப்பரேசன் செய்வார்கள். அந்தக் கையை உயிரைப்போலக் காக்க வேண்டும். அதில் பிரஷர் பார்க்க விடக்கூடாது, இரத்தம் எடுக்க விடக்கூடாது, தண்ணீர்க் குடமோ விறகுக் கட்டோ தூக்கக்கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக்கூடாது. தொட்டுப் பார்த்தால் உள்ளே ஒரு அதிர்வு தெரியும். தினமும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு நின்றுவிட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

வயிற்றுக்குள் ஒரு மெல்லிய குழாய் வைத்து வீட்டிலேயே செய்யும் முறையும் உண்டு. அதற்கு மிகுந்த சுத்தம் தேவை. புகையடிக்கும் அடுப்பங்கரை லயக் காம்பராவில் ஒரு மூலையைச் சுத்தமாக ஒதுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

5. சாப்பாடும் தண்ணியும்

சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் என்ற உப்பு இரத்தத்தில் கூடினால் இதயம் திடீரென நின்றுவிடலாம். வாழைப்பழம், இளநீர், செவ்விளநீர், கிழங்கு, கீரை ஆகியவற்றில் இது அதிகம். நோயாளியைப் பார்க்கப் போகும்போது பாசத்தோடு செவ்விளநீர் வெட்டிக் கொடுக்கிறோம். சிறுநீரக நோயாளிக்கு அது விஷமாகலாம். காமரங்காயை இவர்கள் தொடவே கூடாது. அதில் மூளையைத் தாக்கும் நஞ்சு உண்டு.

மரக்கறியையும் கிழங்கையும் சிறிதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சமைத்தால் பொட்டாசியம் குறையும். கருவாடு, நெத்தலி, ஊறுகாய், பப்படம் ஆகியவற்றில் உப்பு அதிகம். உப்பு கூடினால் தாகம் கூடும், தாகம் கூடினால் தண்ணி கூடும். சிறுநீர் போகாதவருக்கு அந்தத் தண்ணி நெஞ்சில் தேங்கி மூச்சை அடைக்கும். டொக்டர் சொன்ன அளவைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊற்றி வைத்து, அதிலிருந்தே பிளேன்டீ, கஞ்சி எல்லாவற்றுக்கும் கணக்கு எடுக்க வேண்டும். சாப்பாட்டு அளவு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே உங்கள் கிளினிக்கில் சொல்வதையே பின்பற்றுங்கள்.

6. மாற்றுச் சிறுநீரகம்

1954 டிசம்பர் 23ஆம் திகதி அமெரிக்காவில் பொஸ்டன் நகரில், டொக்டர் ஜோசப் மரேயும் அவரது குழுவினரும் ஒரு சகோதரரின் சிறுநீரகத்தை அவரது இரட்டைச் சகோதரருக்குப் பொருத்தினார்கள். வெற்றிகரமாக நடந்த முதல் மாற்றுச் சிகிச்சை அதுவே. பெற்றவர் மேலும் எட்டு வருஷம் வாழ்ந்தார். கொடுத்தவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை, 79 வயது மட்டும் வாழ்ந்தார். டொக்டர் மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. நமது நாட்டில் இச்சிகிச்சை 1985இல் தொடங்கியது. இன்று கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள தேசிய சிறுநீரக நிறுவகம், கண்டி தேசிய வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் செய்கிறார்கள்.

பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றில் ஒரு பக்கத்தில் வைத்துப் பொருத்துவார்கள். உடம்பு அதை அந்நியப் பொருளாக நினைத்துத் தாக்காமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை எடுக்க வேண்டும். "இப்ப சொகமாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தினால் கிடைத்த சிறுநீரகம் போய்விடும்.

7. யார் கொடுக்கலாம்?

பராயமடைந்த, சுகதேகியான, முழு மனதோடு முன்வரும் ஒருவர் கொடுக்கலாம். சீனி வியாதியோ சிறுநீரக நோயோ இருக்கக்கூடாது. இரத்த வகை பொருந்த வேண்டும். 'ஓ' வகையினர் எவருக்கும் கொடுக்கலாம், ஆனால் 'ஓ' வகையிடமிருந்து மட்டுமே பெறலாம். 'ஏபி' வகையினர் எவரிடமிருந்தும் பெறலாம். அதன்பின் திசுப் பொருத்தமும், இருவரின் இரத்தத்தையும் கலந்து பார்க்கும் பரிசோதனையும் உண்டு. கூடப்பிறந்தவரிடம் பொருத்தம் கிடைக்க வாய்ப்பு அதிகம். என்றாலும் கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் கொடுத்து நன்றாக வாழ்பவர்கள் உண்டு.

8. குடும்பத்துக்குள் நடக்கும் பேச்சு

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தகப்பனுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. மனைவியின் இரத்த வகை சேரவில்லை. வேறு தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கை முன்வந்தார். "எங்க அண்ணனுக்குக் குடுக்காம வேற யாருக்குங்க ஐயா குடுக்கப்போறேன்?" என்றார். அவரது மாமியாரோ, "ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டு எப்பிடிக் கூடை சுமப்பா? நாளைக்கு அவளுக்கு ஒண்ணுன்னா எம் பேரப்பிள்ளைங்கள யாரு பாக்குறது?" என்று கேட்டார்.

மாமியார் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் இரு வீட்டாரையும் கிளினிக் டொக்டரிடம் கூட்டிச் சென்றோம். முழுமையாகப் பரிசோதித்து, இரண்டும் நன்றாக இருந்தால்தான் ஒன்றை எடுப்பார்கள். மீதமுள்ள ஒன்று கூடுதல் வேலையைத் தானே ஏற்றுக்கொள்ளும். சில வாரங்கள் பாரம் தூக்காமல் இருந்து, டொக்டர் அனுமதித்தபின் வழமையான வேலைக்குத் திரும்பலாம். ஆனால் ஒப்பரேசன் என்றால் சிறிய ஆபத்து என்றைக்கும் உண்டு, வருஷா வருஷம் பரிசோதனையும் வேண்டும் என்று டொக்டர் ஒளிக்காமல் விளக்கினார். பிறகு அந்தத் தங்கையைத் தனியாக அழைத்து, "உங்கள் விருப்பமா, யாரும் வற்புறுத்துகிறார்களா? எந்த நேரத்திலும் வேண்டாம் என்று சொல்லலாம்" என்றார். அவரது பரிசோதனைகள் இன்னும் நடந்துகொண்டிருக்கின்றன. முடிவு எப்படி வந்தாலும் அந்த இரண்டு வீடும் இப்போது பேசிக்கொள்கின்றன.

இதிலிருந்து ஒன்றை நாம் படிக்கலாம். கொடுப்பது பெரிய தர்மம். ஆனால் கொடுக்க முடியாது என்று சொல்பவர் பாவி அல்ல. "பொம்பள புள்ளதானே, குடுக்கட்டும்" என்று வீட்டில் குரல் இல்லாதவர் மேல் பாரத்தைப் போடக்கூடாது.

9. விற்பதும் வாங்குவதும் குற்றம்

1987ஆம் ஆண்டு 48ஆம் இலக்க மனித இழையங்கள் மாற்றுச் சட்டத்தின்படி உறுப்புகளை விலைக்கு விற்பதும் வாங்குவதும் குற்றமாகும். கடன் உள்ள ஏழை வீடுகளைத் தரகர்கள் தேடி வருகிறார்கள். 2022ஆம் ஆண்டு கொழும்பில் வறிய மக்கள் சிலர், பெருந்தொகை தருவதாகச் சொல்லிச் சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டு பணத்தைத் தரவில்லை என்று பொலிசில் முறையிட்டார்கள். தோட்டத்துக்குள் அப்படி யாராவது வந்தால் உடனே நலன்புரி அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

10. இறந்தபின் கொடுத்தல்

விபத்தில் மூளை முற்றாகச் செயலிழந்து, இனி மீளமாட்டார் என்று டொக்டர்கள் முறைப்படி உறுதி செய்த ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களால் இரண்டு பேர் பிழைக்கலாம். குடும்பத்தாரின் சம்மதம் கேட்கப்படும். "உறுப்பை எடுத்தா அடுத்த பொறப்புல கொறையோட பொறப்பாங்க" என்று சிலர் பயப்படுகிறார்கள். டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கத்தின் மூலம் நமது நாட்டவரின் கண்கள் பல நாடுகளுக்குப் போய் ஒளி கொடுக்கின்றன. மண்ணுக்கோ நெருப்புக்கோ போவது இன்னொருவரின் பிள்ளைகளுக்குத் தகப்பனைத் திருப்பிக் கொடுக்குமென்றால் அது புண்ணியமே. இப்போதே வீட்டாரிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லி வையுங்கள்.

11. காத்திருக்கும்போது செய்ய வேண்டியவை

- டயலிசிஸ் முறையை ஒரு தடவையும் தவறவிடாதீர்கள். கிளினிக் கொப்பி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பையில் வைத்திருங்கள்.
- மஞ்சள் காமாலைத் தடுப்பூசி பற்றி டொக்டரிடம் கேளுங்கள். பல்லில் சொத்தை இருந்தால் காட்டுங்கள். சுருட்டு, சாராயம், புகையிலையோடு போடும் வெற்றிலை வேண்டாம்.
- கண்டபடி இரத்தம் ஏற்றினால் பிற்பாடு பொருத்தம் கிடைப்பது கஷ்டமாகலாம். ஏற்றுவதா என்பதைச் சிறுநீரக டொக்டரே தீர்மானிக்கட்டும்.
- ஜனாதிபதி நிதியத்திலும், ஊழியர் நம்பிக்கை நிதியத்திலும் மாற்றுச் சிகிச்சைக்கு உதவி உண்டு. சிறுநீரக நோயாளருக்கான மாதாந்தக் கொடுப்பனவு பற்றிப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பெயர் ஒரேமாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால் எங்களிடம் வாருங்கள்.
- மனச்சோர்வு வரும். "நான் வீட்டுக்குப் பாரமாயிட்டேன்" என்று நோயாளி சொன்னால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

கூடிப் பேசுவதற்கான கேள்விகள்

1. நமது லயத்தில் சீனி, பிரஷர் உள்ளவர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் சிறுநீர், இரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள்?
2. டயலிசிஸுக்குப் போகும் ஒருவரின் பிள்ளைகளை அன்று யார் பார்த்துக்கொள்ளலாம்?
3. தானம் கொடுக்க முன்வருபவரின் விருப்பம் உண்மையானதா என்று குடும்பம் எப்படி அறிந்துகொள்ளலாம்?

மாதர் சங்கத்திலும் சுகாதாரக் குழுவிலும் இந்தக் கேள்விகளை எடுத்துப் பேசுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் தோட்ட டிஸ்பென்சரியிலோ எங்களிடமோ தயங்காமல் கேளுங்கள்.