வைத்தியருக்கு யார் பரீட்சை வைத்தது?

கேள்வி: டாக்டராகத் தொழில் பார்க்க, பரீட்சையில் தேறி கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். இந்த விதி எங்கே தொடங்கியது? வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்ததா? (வாசகி, தென்காசி)

பதில்: பதிவேட்டை இங்கே கொண்டுவந்தது அவர்கள்தான். பரீட்சை அதைவிட மிகப் பழையது.

931-ல் பாக்தாதில் ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி இறந்துபோன செய்தி கலீஃபா அல் முக்ததிரின் காதுக்கு எட்டியது. தேர்வில் தேறாதவர் எவரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். அதை நடைமுறைப்படுத்தும் வேலை, கடைத்தெருவில் எடையும் அளவும் சரிபார்க்கும் அதிகாரிக்கு! தேர்வு வைக்கும் பொறுப்பு அரண்மனை மருத்துவர் சினான் இப்னு தாபித்துக்கு. பேர்பெற்றவர்களையும் அரண்மனை வைத்தியர்களையும் கழித்தே 860 பேருக்கு மேல் வந்து நின்றார்களாம்.

அவர்களில் ஒருவர் நல்ல உடை உடுத்திய பெரியவர். பழைய அரபு நூல்கள் சொல்லும் கதை இது. கேள்வி கேட்கும் முன்பே அவர் சட்டைக் கையிலிருந்து தங்கக் காசுப் பொட்டலத்தை எடுத்து சினான் முன் வைத்தார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது, குடும்பம் பெரிது, பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். சினான் சிரித்துவிட்டார். தெரியாத நோயைத் தொடாதே, ரத்தம் எடுப்பதும் கடும் பேதி மருந்தும் வேண்டாம் என்று நிபந்தனை போட்டு அனுப்பினார். பெரியவரோ, பானகத்தைத் தாண்டி இதுவரை எதுவுமே கொடுத்ததில்லை என்றார். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்றால், அப்பாவிடம். அப்பா யார் என்றால், நேற்று வந்த அதே பெரியவர்! அப்பா வழியைத் தாண்டாதே என்று அவனையும் விட்டுவிட்டார் சினான்.

ஐரோப்பாவில் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜர் 1140-ல், அரசு அதிகாரிகளின் சோதனைக்கு உட்படாமல் மருத்துவம் பார்த்தால் சிறை, சொத்தும் பறிமுதல் என்றார். அவருடைய பேரன் இரண்டாம் ஃபிரெடரிக்கின் சட்டம் மூன்றாண்டு தர்க்கம், ஐந்தாண்டு மருத்துவம், அதன்பின் அனுபவசாலியிடம் ஓராண்டுப் பயிற்சி என்று வகுத்தது. மருத்துவர் மருந்துக் கடைக்காரரோடு கூட்டு வைக்கக் கூடாது என்றும் சொன்னது. கிளினிக்கையொட்டி மெடிக்கல் ஷாப் இருப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது வேடிக்கைதான்.

இன்றைய பதிவேட்டு முறை இங்கிலாந்தின் 1858 சட்டத்திலிருந்து வருகிறது. அதுவும் 1815 ஆகஸ்டுக்கு முன்பே அங்கே தொழில் பார்த்தவர்களைப் பட்டம் கேட்காமல் சேர்த்துக்கொண்டது. அதே பாணியில் 1914-ல் மெட்ராஸ் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. ஆங்கில மருத்துவம் படித்தவர்களுக்கான பதிவேடு அது. சித்த, ஆயுர்வேத வைத்தியர்கள் வெளியேதான் நின்றார்கள்.

அவர்களுக்கான மத்திய சட்டம் 1970-ல்தான் வந்தது. முறையான பட்டம் வேண்டும் என்ற அந்தச் சட்டமும், மாநிலப் பதிவேடு இல்லாத இடங்களில் ஏற்கெனவே ஐந்தாண்டு தொழில் செய்தவர்களைத் தொடரவிட்டது. மாநிலச் சட்டப்படி பதிவு பெற்றிருந்தவர்களின் உரிமையிலும் கைவைக்கவில்லை. சில ஊர்களில் பழைய வைத்தியசாலைப் பலகையில் பெயருக்குப் பின்னால் 'ஆர்.ஐ.எம்.பி.' என்று இருக்கும். பதிவுபெற்ற இந்திய மருத்துவர் என்பதன் சுருக்கம் அது.